முளையில் உறையும் பேராற்றல்

‘விளையும் பயிர் முளையிலே தெரியும்’ என்பது தமிழ்நாட்டில் வழங்கும் பழமொழி. முளையின் செழிப்பைக் கண்ட அளவில் பின்வரும் விளைச்சலை மதிப்பிடவல்ல உழவரின் நுண்ணறிவு இதனுள் விளங்குகிறது. சிறுவர்தம் எதிர்காலத்தைக் குறித்துப் பேசும்போதும் பெரியோர் இதனை எடுத்துக் கூறுவர். இவ்விரு பொருளேயன்றி, மூன்றாவது பொருள் ஒன்றும் இப்பழமொழிக்கு உண்டு. தானியப் பயிரின் சிறு துண்டு ஒன்றிலிருந்து முழுப் பயிரையும் மீண்டும் எழுப்ப முயன்ற அறிவியலார், பல்லாண்டுத் தோல்விகளுக்குப் பின்னர் அப்பொருளைக் கண்டனர். அம்முயற்சியின் வரலாறும், அதனால் மலைநாட்டு உழவர்க்கு விளையத்தக்க பயனும் அறிந்து இன்புறத்தக்கன.

சேலம் நகருக்கு வடக்கே உயர்ந்து நிற்பது சேர்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியாகிய இதன்மீது ஏர்க்காடும், வாழவந்தி முதலிய பல சிற்றூர்களும் அமைந்துள்ளன. இம்மலையில் வழிவழியாக வாழ்ந்து வருவோர் மலையாளிகள் எனப்படுவர். இப்பெயர் இங்குக் கேரள நாட்டவரைக் குறிப்பதன்று. மலையை இடமாகக் கொண்டு வாழும், தமிழ் பேசும் மக்களையே குறிக்கும். காப்பியும் மிளகும் ஆரஞ்சும் மலைச்சரிவுகளில் பரவுவதற்கு முன்னர், இம்மக்களின் உணவுக்கு அடிப்படையாய் இருந்தவை சாமை, தினை, கேழ்வரகு ஆகிய தானியங்களே. சரிந்த நிலத்தில் நீர் தேங்கி நில்லாது. ஆதலின், நெல்லை அங்கு எங்கும் பயிரிடல் இயலாது. கேழ்வரகோ, பெய்யும் மழையையே நம்பி மெலிந்த மண்ணிலும் விளையும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேற்பட்ட சுண்ணாம்புச் சத்து உண்டு. அதே அளவு அரிசியில் உள்ள சுண்ணாம்புச் சத்து இதில் இருபதில் ஒரு பங்கும் ஆகாது. நன்கு உலர்த்திச் சேமித்த கேழ்வரகைப் பூச்சிகள் எளிதில் அரிப்பதில்லை. மழை பொய்த்த ஆண்டில், முன்னைய ஆண்டின் கேழ்வரகு குடும்பத்தைக் காக்கும்.

இத்தகைய சிறந்த பயிருக்கும் ஒரு கொடிய பகை உண்டு. அதுவே குலை நோய் எனப்படுவது. இஃது ஒருவகைப் பூஞ்சணத்தால் உண்டாவது. குளிர்ந்த ஈரக்காற்றும், இலைமேல் நெடுநேரம் தங்கும் பனிநீரும் இதற்கு உற்ற துணைகள். முதலில் இலைகளில் கண்வடிவான புள்ளிகள் தோன்றும். அவற்றின் நடுப்பகுதி சாம்பல் நிறமாக வெளுத்திருக்கும். பின்னர், கதிரைத் தாங்கும் கழுத்துப் பகுதி கருகும். கழுத்துக் கருகிய கதிருக்கு உணவு சென்று சேராது. மணிகள் பால் பிடிக்காமல் பதராகிவிடும். காற்றில் மிதந்து செல்லும் நுண்ணிய வித்துகளால் இந்நோய் வயலுக்கு வயல் தாவும். மருந்து தெளித்துக் காக்கலாம் எனின், சிறு நிலம் உடைய மலைவாழ் உழவனுக்கு அச்செலவு பெருஞ்சுமையாகும். ஆதலின், நோயைத் தானே எதிர்த்து நிற்கவல்ல பயிரே அவனுக்கு வேண்டுவது.

அத்தகைய பயிரை எவ்வாறு உண்டாக்குவது? நோய் தாங்கும் இரகத்தோடு மற்றோர் இரகத்தைக் கலந்து புதிய இரகம் காண்பது பழைய முறை. இம்முறையால் பல நல்ல இரகங்கள் கிடைத்துள்ளன. ஆயினும், கேழ்வரகின் பூக்கள் மிகமிகச் சிறியவை. அவை தம்முள்ளேயே மகரந்தச் சேர்க்கை முடித்துக்கொள்பவை. அவற்றைப் பிரித்துக் கலப்புச் செய்வது கண்ணுக்கும் கைக்கும் பெருஞ்சோதனையாகும். கலந்த பின்னரும், வேண்டிய பண்புகள் நிலைபெறப் பல தலைமுறைகள் காத்திருத்தல் வேண்டும். மற்றொரு முறை, நோயை எதிர்க்கும் பண்பைத் தரும் மரபணுவைப் பயிரின் உயிரணு ஒன்றினுள் செலுத்துவதாகும். இங்கேதான் ஓர் இடர்ப்பாடு எழுகிறது. மரபணு புகுவது ஓர் உயிரணுவில். உழவனுக்கு வேண்டுவதோ வேரும் தண்டும் கதிரும் உடைய முழுப் பயிர். அவ்வோர் உயிரணு முழுப் பயிராக வளர்ந்தெழவில்லையெனின், செய்த வேலை அனைத்தும் பயனற்றதாகிவிடும். எனவே, ஓர் உயிரணுவை முழுப் பயிராக்கும் கலையே இம்முயற்சிக்கு வாயிலாகும். அக்கலைக்குத் ‘திசு வளர்ப்பு’ என்று பெயர்.

செடியின் ஒரு பகுதியிலிருந்து முழுச் செடி தோன்றுவது உழவர்க்குப் புதிய செய்தியன்று. முருங்கைப் போத்தை வெட்டி நட்டால், அது தழைத்து மரமாகிறது. கரும்பின் கரணையை மண்ணில் புதைத்தால், கணுவிலுள்ள பருவிலிருந்து புதிய கரும்பு முளைக்கிறது. ஆனால், நெல்லின் முற்றிய இலையை நட்டு எவரும் நெற்பயிர் கண்டதில்லை. கேழ்வரகின் தாளை நறுக்கி நட்டுக் கதிர் அறுத்தவரும் இல்லை. கரும்பும் புல்லினத்தைச் சேர்ந்ததே எனினும், அதன் கணுவில் இளமை மாறாத பரு ஒன்று உறங்கிக் கிடப்பதால்தான் அது முளைக்கிறது. இவ்வேறுபாட்டில் பெரியதோர் உண்மை மறைந்து கிடந்தது.

செடியின் உடலிலுள்ள உயிரணு ஒவ்வொன்றும் முழுச் செடியாக வளரும் ஆற்றலைத் தன்னகத்தே கொண்டிருத்தல் வேண்டும் என்னும் கருத்தை 1902ஆம் ஆண்டில் வெளியிட்டவர், ஆஸ்திரிய நாட்டுத் தாவரவியல் அறிஞர் காட்லீப் ஹேபர்லாண்ட். அவர் இலையின் உயிரணுக்களைத் தனித்தனியே பிரித்து, சத்து நீரில் இட்டு வளர்க்க முயன்றார். அவை சில காலம் உயிரோடிருந்தன; சற்றுப் பருக்கவும் செய்தன. ஆனால், ஓர் உயிரணுவேனும் இரண்டாகப் பிரியவில்லை. அவர் எடுத்தவை முற்றி வளர்ந்து, தத்தம் தொழிலில் அமர்ந்துவிட்ட உயிரணுக்கள். அவர்தம் கருத்து பழுதற்றது. தேர்ந்தெடுத்த பொருளே பொருந்தாதது. தோல்வியுற்ற அம்முயற்சியே பின்வந்தோர் அனைவர்க்கும் வழிகாட்டியாயிற்று.

அதன்பின் பல நாட்டறிஞர்கள் இத்துறையில் ஈடுபட்டனர். 1939ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒயிட் என்பவரும், பிரான்சு நாட்டில் கோத்தரே, நோபேகூர் என்பவர்களும் செடியின் திசுவை இடையறாது வளர்த்துக் காட்டினர். 1941இல் வான் ஓவர்பீக் என்பவரும் அவர்தம் துணைவரும், ஊமத்தையின் இளங்கருக்கள் செழித்து வளரத் தேங்காயின் நீர் துணைசெய்வதைக் கண்டனர். தமிழ்நாட்டில் நோயாளிக்கும் களைத்தவனுக்கும் ஊட்டம் தரும் அந்நீர், ஆய்வுக் குழாயில் கிடந்த கருவுக்கும் ஊட்டமாயிற்று. 1957இல் ஸ்கூக், மில்லர் என்னும் இருவர் மற்றோர் உண்மையை வெளியிட்டனர். ஆக்சின், சைட்டோகைனின் என்னும் இருவகை வளர்ச்சிப் பொருள்கள் எந்த விகிதத்தில் கலந்துள்ளன என்பதைப் பொறுத்தே திசுவில் வேர் தோன்றுவதும் தண்டு தோன்றுவதும் அமையும் என்பதே அவ்வுண்மை. 1958இல் ஸ்டூவர்டு என்பார் காரட்டின் உயிரணுக்களிலிருந்து முழுச் செடியை எழுப்பினார். 1965இல் இந்திரா வாசில் என்னும் இந்திய அறிஞர், ஹில்டிபிராண்ட் என்பவருடன் சேர்ந்து, தனித்துப் பிரித்த ஒரே உயிரணுவிலிருந்து புகையிலைச் செடியை உண்டாக்கிக் காட்டினார். ஹேபர்லாண்ட் கண்ட கனவு அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்து நனவாயிற்று.

ஆனால், நெல், கோதுமை, சோளம், கேழ்வரகு முதலிய தானியப் பயிர்கள் மட்டும் இணங்கவில்லை. காரட்டும் புகையிலையும் பணிந்த முறைகளுக்கு இவை பணியாமல் நின்றன. இதன் காரணம் பயிரின் உடலமைப்பிலேயே உள்ளது. காரட்டும் புகையிலையும் இருவித்திலைத் தாவரங்கள். அவற்றின் உடலில் காயம் பட்டால், சுற்றியுள்ள உயிரணுக்கள் மீண்டும் பிரிந்து பெருகிக் காயத்தை மூடும். தானியப் பயிர்களோ ஒருவித்திலைத் தாவரங்கள். அவற்றின் தண்டில், வயது முதிர்ந்த பின்னும் பிரிந்துகொண்டே இருக்கும் திசுவளையம் இல்லை. இலை முற்றியதும் அதன் உயிரணுக்கள் பிரியும் ஆற்றலைப் பெரும்பாலும் இழந்துவிடுகின்றன. தானியப் பயிரின் ஒரே இலையில் முதுமையும் இளமையும் சேர்ந்து காணப்படும். இலை அடியிலிருந்து வளர்வதால், நுனி முதியது, அடி இளையது. நுனியை வெட்டி ஊடகத்தில் இட்டால் அது வாளா கிடந்து வாடும். மிக இளைய அடிப்பகுதியோ பெருகி வளரக் கூடும். ஆற்றல் பயிரினின்று முற்றும் அழிந்து போகவில்லை; இளமையான இடங்களில் மட்டும் ஒடுங்கி நின்றது. முளையைத் தேடிச் சென்றவர்க்கே அது கைகூடிற்று.

இளமையின் இவ்வாற்றலை இந்தியாவில் நிகழ்ந்த ஓர் ஆய்வும் எடுத்துக்காட்டியது. 1964ஆம் ஆண்டில் தில்லிப் பல்கலைக்கழகத்தில் சிப்ரா குகா என்னும் அம்மையாரும், சதீஷ் சந்திர மகேசுவரி என்பவரும் ஊமத்தையின் இளம் மகரந்தப் பைகளை ஊடகத்தில் வளர்த்தனர். மகரந்தத் துகள்களிலிருந்தே சிறு செடிகள் முளைத்தெழுந்தன. உலகம் வியந்த கண்டுபிடிப்பு அது. நான்கு ஆண்டுகள் சென்ற பின், 1968இல், ஜப்பானிய அறிஞர் இருவர் இம்முறையால் நெற்செடியையும் பெற்றனர். இங்கும் மகரந்தத்தின் பருவமே வெற்றியை வரையறுத்தது. பூ விரிந்தபின் எடுத்த முதிர்ந்த மகரந்தம் பயன்படவில்லை. மொட்டினுள் இருக்கும் இளம் மகரந்தமே பயன்பட்டது.

1975இல் அமெரிக்காவில் கிரீன், பிலிப்ஸ் என்னும் இருவர், பால் பிடிக்கும் பருவத்து மக்காச்சோள மணியினுள் இருந்த இளங்கருவை எடுத்து வளர்த்து, அதிலிருந்து முழுச் செடிகளைப் பெற்றனர். அடுத்த ஆண்டாகிய 1976இல், ரங்கன் என்னும் அறிஞர் வரகு, கேழ்வரகு, கம்பு ஆகிய இந்தியத் தானியங்களின் திசுக்களை வளர்த்துச் செடிகள் தோன்றச் செய்ததை வெளியிட்டார். ஏழையர் உணவு என்று பலரும் புறக்கணித்த தானியங்கள் இவ்வாறு அறிவியல் ஏட்டில் இடம்பெற்றன. 1980ஆம் ஆண்டை ஒட்டி, முன்னர்ப் புகையிலையில் வெற்றி கண்ட இந்திரா வாசிலும், அவர்தம் மனைவியார் விமலா வாசிலும், கம்பின் தனி உயிரணுக்களிலிருந்து கருக்களும் சிறு செடிகளும் தோன்றக் கண்டனர். தானியப் பயிர்கள் பணியா என்னும் கொள்கை அன்றோடு வலியிழந்தது.

இனி, கேழ்வரகை இவ்வாறு வளர்க்கும் முறையைக் காண்போம். முதலில், தேர்ந்த விதைகளைக் கழுவி, நுண்ணுயிர்களைக் கொல்லும் மருந்து நீரில் சிறிது நேரம் ஊறவைப்பர். பின்னர்த் தூய நீரில் பன்முறை அலசுவர். வளர்ப்பு ஊடகம் என்பது செடிக்குச் சமைத்த உணவு. அதில் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, இரும்பு, துத்தநாகம் முதலிய உப்புகளும் வைட்டமின்களும் கலந்திருக்கும். லிட்டருக்கு ஏறத்தாழ 30 கிராம் சர்க்கரையும் சேர்ப்பர்; ஒளியால் உணவு ஆக்கும் பச்சை இலை அத்திசுவுக்கு இன்னும் இல்லையன்றோ! கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் இக்கலவையைக் கூழ்போல் இறுகச் செய்யும். 1962இல் முராசிகே, ஸ்கூக் என்னும் இருவர் வகுத்த உப்புக் கலவையே இன்றும் பெரிதும் கையாளப்படுகிறது. இவ்வூடகத்தை நீராவி அழுத்தக் கலத்தில் 121 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வைத்துத் தூய்மை செய்வர். ஒரே ஒரு பூஞ்சண வித்து உள்ளே புகுந்தாலும், அது சர்க்கரையை உண்டு பெருகித் திசுவை மூடி அழித்துவிடும்.

விதை முளைத்துச் சில நாள்களே ஆன நாற்றின் தண்டு நுனியை, தூய காற்று வீசும் பெட்டியினுள் வைத்துக் கூரிய கத்தியால் நுட்பமாக வெட்டி எடுப்பர். அதனை 2,4-டி என்னும் ஆக்சின் சேர்ந்த ஊடகத்தின்மேல் வைப்பர். இவ்விடத்தில் வியப்பூட்டும் செய்தி ஒன்று உண்டு. இதே 2,4-டி தானிய வயல்களில் அகன்ற இலைக் களைகளைக் கொல்லத் தெளிக்கப்படும் மருந்தாகும். ஒரு லிட்டர் ஊடகத்திற்குச் சில மில்லிகிராம் என்னும் சிற்றளவில் சேரும்போது, அதுவே தானியத் திசுவை விழித்தெழச் செய்கிறது. அளவே நஞ்சையும் மருந்தையும் வேறுபடுத்துகிறது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

சில வாரங்களில், வெட்டிய துண்டின்மீது உருவம் அமையாத திசுத்திரள் ஒன்று திரண்டெழும். இதனைக் காலஸ் என்பர். எல்லாக் காலசும் ஒரு தன்மையன அல்ல. சில நீர் கோத்து, மென்மையாய், கண்ணாடிபோல் இருக்கும். அவற்றால் பயன் இல்லை. சில வெண்மையாகவோ இளமஞ்சளாகவோ, இறுகிய சிறு மணிகள் கோத்தாற்போல் காணப்படும். இவற்றில்தான் கருக்கள் உருவாகும். பூவும் மகரந்தமும் இன்றி உடல் திசுவிலேயே தோன்றுவதால், இவற்றை உடற்கருக்கள் என்பர். பயனுள்ளதையும் பயனற்றதையும் பிரித்தறிவது கருவியால் ஆவதன்று. பழகிய கண்ணால் ஆவது. நாற்றங்காலில் களையையும் பயிரையும் பிரித்தறியும் உழத்தியின் கண்ணும், ஆய்வகத்தில் காலசைத் தேரும் ஆய்வாளரின் கண்ணும் ஒரே வகைத் தேர்ச்சி உடையன.

தேர்ந்த காலசை, ஆக்சின் குறைந்து சைட்டோகைனின் மிகுந்த மற்றோர் ஊடகத்திற்கு மாற்றி, ஒளியில் வைப்பர். வெண்மையான திரளின்மேல் பச்சைப் புள்ளிகள் தோன்றும். அவை ஊசிபோல் நிமிர்ந்து இலைகளாய் விரியும். பின்னர் வேர் விடும். இத்துடன் வேலை முடிந்துவிடுவதில்லை. குழாயினுள் வளர்ந்த செடி, வெயிலும் காற்றும் அறியாதது. அதன் இலையின் மெழுகுப் படலம் மெல்லியது. இலைத்துளைகள் மூடித் திறக்கப் பழகாதவை. திடீரென வெளியில் நட்டால், அது சில மணி நேரத்திலேயே வாடி மடியும். ஆகவே, ஈரமான மண்கலவையில் நட்டு, மேலே மூடி, நாள்தோறும் சிறிது சிறிதாகத் திறந்து, வெளியுலகிற்குப் பழக்குவர். மெல்லப் பழகிய செடியே வயலில் நின்று கதிர் ஈனும்.

இக்கலை கேழ்வரகிற்குத் தமிழ்நாட்டிலேயே செம்மையாக்கப்பட்டது. சென்னை இலயோலாக் கல்லூரியின் பூச்சியியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த அந்தோணி சீசர், இஞ்ஞாசிமுத்து ஆகிய இருவரும், தண்டு நுனியிலிருந்து கேழ்வரகுச் செடிகளைப் பெறும் முறையை 2008இல் வெளியிட்டனர். அவர்கள் ஓர் இரகத்தோடு அமையாது, இந்தியக் கேழ்வரகு இரகங்கள் பலவற்றை ஆராய்ந்தனர். 2011இல், அக்ரோபாக்டீரியம் என்னும் மண்வாழ் நுண்ணுயிரின் துணையால் கேழ்வரகினுள் புதிய மரபணுவைச் செலுத்தும் முறையை அறிவித்தனர். 2012இல், நெல்லிலிருந்து பெற்ற கைட்டினேஸ் மரபணுவைத் தாங்கிய கேழ்வரகுச் செடிகள் குலை நோயை எதிர்த்து நின்றதை எடுத்துரைத்தனர். கைட்டின் என்பது பூஞ்சணத்தின் மேற்சுவரை ஆக்கும் பொருள். நண்டின் ஓட்டிலும் அது உண்டு. கைட்டினேஸ் அச்சுவரை அரித்துச் சிதைக்கும். கோட்டைமதில் இடிந்தபின் பகைவன் வலியிழப்பதுபோல், பூஞ்சணமும் வலியிழக்கிறது. முளையில் உறையும் ஆற்றலை எழுப்பும் கலை கைவராதிருந்தால், இம்மரபணுவைக் கேழ்வரகிற்குத் தந்திருத்தல் இயலாது.

ஆய்வகத்தில் வென்றது அனைத்தும் உடனே வயலுக்கு வந்துவிடுவதில்லை, வருதலும் ஆகாது. மரபணு மாற்றிய பயிரால் உண்போர்க்கோ, பிற உயிர்கட்கோ, அண்டை வயலுக்கோ தீங்கு நேருமா என்று பலபடியாக ஆராய்ந்து, அரசின் ஒப்புதல் பெற்ற பின்னரே அதனைப் பயிரிடலாம். அன்றியும், நெடுநாள் காலஸ் நிலையில் இருந்த திசுவிலிருந்து எழும் செடிகளுள் சில, தாய்ச்செடியினின்றும் வேறுபட்டு நிற்பதுண்டு. அவ்வேறுபாடு சில வேளைகளில் நன்மையாகும். பல வேளைகளில் குறையாகும். ஆதலின், எழுந்த செடி ஒவ்வொன்றையும் வளர்த்துப் பார்த்தே தெரிதல் வேண்டும்.

இக்கலையின் பயன் ஒரு பயிரோடு நிற்பதன்று. கண்ணொளிக்கு வேண்டிய வைட்டமின் ஏ சத்தின் முன்பொருளை அரிசியில் உண்டாக்கிய பொன்னிற நெல், 2000ஆம் ஆண்டில் இவ்வழியாகவே தோன்றியது. 2025இல் இந்திய வேளாண் அறிவியலார், மரபணுத் தொகுதியில் நுண்ணிய திருத்தம் செய்த இரு நெல் இரகங்களை அறிவித்தனர். திருத்தம் எத்துணை நுண்ணியதாயினும், திருத்திய உயிரணு பயிராய் எழுந்தாலன்றி அதனால் ஒரு பிடி சோறும் விளையாது.

இங்கு மறவாது உளங்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஒரே ஊடகத்தில் இட்டாலும், ஓர் இரகம் எளிதில் செடியாகிறது. மற்றோர் இரகம் அசையாது கிடக்கிறது. ஓர் இரகம் நோயைத் தாங்குகிறது. மற்றொன்று வறட்சியைத் தாங்குகிறது. எந்த இரகத்தில் எவ்வாற்றல் உறைகிறது என்பதை வளர்த்துப் பார்த்தே அறிய முடியும். ஆய்வகம் எத்துணைச் சிறந்ததாயினும், இல்லாத விதையிலிருந்து அது செடி எழுப்பாது. மலைவாழ் மக்கள் தலைமுறை தலைமுறையாய்த் தேர்ந்து, உலர்த்தி, காத்து வந்த விதைகளே அறிவியலார் கையில் உள்ள முதற்பொருள். ஊருக்கு ஊர் வேறுபடும் அவ்விதைகளைக் கைவிட்டால், அவற்றினுள் உறங்கும் பண்புகளும் அவற்றோடு மறையும். பின்னர் எந்த ஊடகமும், எந்த மரபணுவும் அவற்றை மீட்டுத் தாரா. ஐக்கிய நாடுகள் அவை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியதும், மறக்கப்பட்டு வந்த இத்தானியங்களின்பால் உலகின் கருத்தைத் திருப்புதற்கே ஆகும்.

வாழவந்தி என்னும் ஊர்ப்பெயர் வாழ்வு என்னும் சொல்லை நினைவூட்டுவது. அத்தகைய மலையூர்களில், கொல்லைப்புறத்துச் சிறு பாத்தியில் கேழ்வரகை விதைத்து, நல்ல கதிரை விதைக்கென ஒதுக்கிவைக்கும் முதியவளும் ஒரு பெரும்பணியைச் செய்கின்றாள். சென்னையில் குழாயினுள் தண்டு நுனியை வைத்து வாரக்கணக்கில் காத்திருக்கும் ஆய்வாளரும் அப்பணியையே வேறோர் இடத்திலிருந்து தொடர்கின்றார். ஒருவர் காத்த விதையில் மற்றவர் முளையைத் தேடுகின்றார். விதையைக் காக்கும் கையும், முளையின் பருவம் அறியும் அறிவும் ஒன்றுசேரும் நாட்டில் பயிர்வளம் குன்றாது.